சிந்திய அலைகளும் சேமித்த காட்சிகளும்: சப்ரகமுவத் தோட்டப்புறத்தில் செய்மதித் தொலைக்காட்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொடர்புச் சாதனங்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அனுப்புவோரின் வரலாற்றையே எழுதியுள்ளனர். நிலையம் நிறுவப்பட்ட நாள், கோபுரத்தின் உயரம், நிலையத்தை இயக்கிய நிறுவனம் என்பன ஆவணங்களில் இடம்பெறுகின்றன. அவ்வலைகளை எவர், எந்த மொழியில், எந்த நேரத்தில், எத்தகைய கருவியின் துணைகொண்டு பெற்றனர் என்ற வினா பெரிதும் எழுப்பப்படுவதில்லை. பெற்றவற்றுள் எதைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர் என்பது அதனினும் அரிதாகவே ஆராயப்படுகின்றது. கட்டணமின்றி வானிலிருந்து இறங்கும் தொலைக்காட்சி அலைகளைப் பெற்றுப் பதிந்து வைக்கும் கருவியை, வரக்காப்பொலச் சூழலில் வாழும் தமிழ் பேசும் மக்களின் நிலையில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரக்காப்பொல, கேகாலை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கொழும்பு-கண்டி வீதியில் அமைந்த சிறு நகரமாகும். பயணிகள் பலர் அதனைத் தலகுளி என்னும் எள்ளுப் பண்டம் விற்கும் தரிப்பிடமாகவே அறிவர். அந்நகரிலிருந்து ருவன்வெல்ல நோக்கிப் பிரியும் வீதியிற் செல்வோர், எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை வரை பரந்துள்ள இறப்பர்த் தோட்டங்களைக் காண்பர். 1876 ஆம் ஆண்டில் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நாட்டப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழிவந்த பயிர்ச்செய்கை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலைச்சரிவுகளை மூடியது. அதனுடன் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். நுவரெலியாவில் தோட்டத் தமிழர் செறிந்து வாழ்கின்றனர். சப்ரகமுவவிலோ சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு லயன்களாகச் சிதறி வாழ்கின்றனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனக் கணக்கிட்டது. அதன் விளைவாகத் தோட்டக் குடும்பங்கள் பல கடலின் இரு கரையிலுமாகப் பிரிந்தன. தமிழ் ஒலியும் ஒளியும் இத்தகையதொரு மக்களை எவ்வழியே வந்தடைந்தன என்பது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய வினாவன்று.

முதலில் வந்தது வானொலி. 1925 டிசம்பரில் எட்வேர்ட் ஹாப்பரின் முயற்சியால் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. 1949 இல் அது இலங்கை வானொலி என்னும் பெயர் பெற்றது. 1950 இல் தொடங்கிய வர்த்தக சேவையின் தமிழ் ஒலிபரப்பு, தமிழகத்திலும் பெருந்தொகையான நேயர்களைக் கொண்டிருந்தது. திரையிசைப் பாடலைக் கேட்பதற்குத் தமிழ்நாட்டார் கொழும்பு நோக்கித் தம் வானொலியைத் திருப்பிய காலம் அது. அக்காலத்தில் அலைகள் இலங்கையிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றன. தொலைக்காட்சியின் வருகையோடு இத்திசை மாறியது. இம்மாற்றமே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் பின்னணியாகும்.

இலங்கைக்குத் தொலைக்காட்சி சற்றுப் பிந்தியே வந்தது. 1979 ஏப்பிரல் 13 ஆம் நாள் தொடங்கிய சுயாதீன தொலைக்காட்சி கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. 1982 பெப்ரவரி 15 ஆம் நாள், யப்பானின் உதவியுடன் ரூபவாஹினி தொடங்கப்பட்டு, பிதுருதலாகலை உச்சியிலிருந்து அலைகளை அனுப்பியது. நாட்டின் மிக உயர்ந்த மலையில் நிலையம் அமைந்தபோதும், நிலவழி அலைகளுக்கு ஓர் இயல்புண்டு. அவை ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வன. இடையில் ஒரு மலைத்தோள் குறுக்கிடின் அதற்கப்பாலுள்ள பள்ளத்தாக்கு நிழலில் விழும். சப்ரகமுவவின் நிலவமைப்போ அடுத்தடுத்த குன்றுகளும் அவற்றிடையே பள்ளங்களுமாக உள்ளது. லயன்கள் பெரும்பாலும் பள்ளங்களிலேயே கட்டப்பட்டன. மூங்கிற் கழியில் உயர்த்திக் கட்டிய அன்ரனா எத்திசைக்குத் திருப்பப்பட்டாலும் திரையில் வெண்புள்ளிகளே மிகுந்த வீடுகள் பல இருந்தமைக்குக் காரணம் இதுவேயாகும். மின்சாரம் இல்லாத இடங்களில் மோட்டார் வாகன மின்கலத்தை நகருக்கு எடுத்துச் சென்று மின்னேற்றி வந்து தொலைக்காட்சியை இயக்குவது, இலங்கையின் கிராமப்புறமெங்கும் வழக்கமாயிருந்தது.

வானிலிருந்தே நேராக அனுப்பினால் மலைகள் தடையாகா என்னும் எண்ணம் இதற்கு நெடுநாள் முன்பே தோன்றிவிட்டது. 1945 ஒக்டோபரில் ஆர்தர் சி. கிளார்க் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் இதழில் எழுதிய கட்டுரையில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகள் மூன்று இருப்பின் உலகமுழுவதற்கும் ஒலிபரப்பலாம் எனக் காட்டினார். மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள பொருள், நிலத்திலிருந்து நோக்குவார்க்கு ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதுபோல் தோன்றும் என்பதே அதன் அடிப்படை. அவர் 1956 இல் இலங்கையிற் குடியேறினார். 1975 ஓகஸ்ட் முதல் 1976 யூலை வரை, அமெரிக்காவின் ஏ.ரி.எஸ்.-6 செய்மதியைக் கொண்டு இந்தியா நடத்திய கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களை எட்டியது. அவ்வாறு மாநிலங்களுள் தமிழ்நாடு இடம்பெறவில்லை. எனினும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர் கொழும்பிலுள்ள கிளார்க்கின் இல்லத்தில் பெரியதொரு அன்ரனாவை நிறுவிக் கொடுத்தனர். இலங்கையிற் சொந்தத் தொலைக்காட்சி நிலையம் தோன்றுவதற்கு ஏறத்தாழ நான்காண்டுகளுக்கு முன்பே, இந்தியக் கிராமத்தவருக்கென அனுப்பப்பட்ட காட்சி கொழும்பில் ஒரு வீட்டில் தெரிந்தது.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகின்றது. செய்மதியின் கதிர் அரசியல் எல்லைகளுக்கு ஏற்ப வெட்டப்படுவதன்று. ஒரு நாட்டை நோக்கி அனுப்பப்படுவது அயல்நாட்டிலும் சிந்தும். சிந்திய அலையைப் பெறுவோர் எவருடைய கணக்கிலும் இல்லாதவர். அவர்களுக்கென நிகழ்ச்சி தயாரிப்பவர் இல்லை. ஆயினும் அலை அவர்களிடமும் வருகின்றது. 1975 இல் இது விஞ்ஞான எழுத்தாளர் ஒருவர்க்கு வாய்த்த அரிய பேறாயிருந்தது. முப்பதாண்டுகளுக்குள் தகரக்கூரை லயன்களின் பொதுவான நிலையாயிற்று.

இடைப்பட்ட காலத்தின் படிகளைச் சுருக்கமாகக் காட்டலாம். 1993 ஏப்பிரல் 14 ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கியது. தொடர்ந்து வேறு தனியார் தமிழ்ச் சேவைகளும் தோன்றின. தொடக்கக் காலத்தில் இவற்றைப் பெற இரண்டு மீற்றர் அளவு அகன்ற சீ-பட்டை அன்ரனா வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளி ஒருவர் தனியே வாங்கத்தக்கதன்று அது. பின்னர் அச்சேவைகளுட் பல கட்டணச் சேவைகளாகிப் பூட்டப்பட்டன. 2004 டிசம்பரில் இந்தியாவின் தூரதர்ஷன் கட்டணமற்ற நேரடிச் சேவையைத் தொடங்கியபோது நிலைமை மீண்டும் மாறியது. நிலவழி அலைகள் எட்டாத இந்தியக் கிராமங்களை எண்ணித் தொடங்கப்பட்ட சேவை அது. கேயூ-பட்டை அலை ஆதலின் ஒரு மீற்றருக்கும் குறைந்த அன்ரனாவே அதற்குப் போதும். மாதக் கட்டணமும் இல்லை. 2024 இல் டி.டி. தமிழ் எனப் பெயர் மாற்றம் பெற்ற பொதிகைத் தொலைக்காட்சி அதன்வழி வந்தது. அனுப்புவோர் எண்ணியிராத கேகாலை மாவட்டத்து வீடுகளிலும் அதனைப் பெற இயன்றது.

இக்கருவியை வாங்கி நிறுவுவதிலுள்ள நுட்பங்கள் இடத்தோடு தொடர்புடையவை. வரக்காப்பொல ஏறத்தாழ வட அகலாங்கு 7.2 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 80.2 பாகையிலும் உள்ளது. மேற்கூறிய சேவையைத் தாங்கும் ஜிசாட்-15 செய்மதி கிழக்கு 93.5 பாகையில் நிற்கின்றது. கணக்கிட்டு நோக்கின், வரக்காப்பொலவில் நிற்பவருக்கு அச்செய்மதி கிழக்கிலிருந்து 28 பாகை தெற்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 72 பாகை உயரத்தில் இருக்கும். ஏறக்குறைய தலைக்கு மேலே என்று கூறினும் பொருந்தும். டில்லியில் இருப்பவர் அதே செய்மதியை இதனினும் மிகத் தாழ்வாகவே காண்பர். மலைத்தோள்கள் நிலவழி அலைகளை மறைத்த அதே பள்ளத்தாக்கில், 72 பாகை உயரத்திலிருந்து வரும் அலையை எக்குன்றும் மறைப்பதில்லை. இறப்பர் மரங்களின் இலைச்செறிவு மாத்திரமே மறைக்கவல்லது. அதனால் லயனின் முற்றத்தில், மரநிழல் படாத ஓரிடத்தைத் தெரிந்தெடுத்தாலே போதுமானது. உயர்ந்த கோபுரமும் நீண்ட கழியும் தேவையற்றுப் போயின. பள்ளத்தில் வாழ்ந்தோர்க்குச் செய்மதி அளித்த சமத்துவம் இதுவாகும்.

அன்ரனாவின் கரத்தில் பொருத்தப்படும் அலைவாங்கியை நிமிர்த்தி வைத்தால் போதாது. மத்திய கோட்டுக்கு அண்மையில் உள்ள இடங்களில் அதனை ஏறத்தாழ 60 பாகை சரித்துத் திருப்ப வேண்டும். வட இந்தியாவுக்கென எழுதப்பட்ட குறிப்பைப் பின்பற்றுவோர் இவ்விடத்திலேயே தவறுவர். மற்றொரு குறை மழையாகும். கேயூ-பட்டை அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர். கடும் மழைத்துளிகள் அதனை உறிஞ்சியும் சிதறடித்தும் நலிவடையச் செய்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மிகுந்த மழையைப் பொழியும் ஈரவலயத்தில் இக்குறை சிறிதன்று. ஓரளவு பெரிய அன்ரனாவை வாங்குவது இதற்கொரு பரிகாரம். இறப்பர்ப் பால்வெட்டுக்கும் மழை தடையாகும். ஆதலின் தொழிலாளி வீட்டில் இருக்கும் மழைநாளிலேயே படமும் அற்றுப்போவது அவருக்கு இரட்டை இழப்பாகின்றது.

இனிப் பதிகருவிக்கு வருவோம். யப்பானின் சோனி நிறுவனம் 1975 இலும் ஜே.வி.சி. நிறுவனம் 1976 இலும் வீட்டுப் பாவனைக்கான ஒளிப்பதிகருவிகளை வெளியிட்டன. ஒலிபரப்பாகும் நேரத்திற் காண இயலாததைப் பதிந்து பிறிதொரு நேரத்திற் காண்பது பதிப்புரிமையை மீறுவதா என்னும் வழக்கு ஐக்கிய அமெரிக்காவில் எழுந்தது. 1984 யனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, வீட்டிற் காணும் பொருட்டு அவ்வாறு பதிதல் நியாயமான பயன்பாடே எனத் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பின் சாரம், நேரத்தின் மீதான உரிமையைப் பற்றியது. நிகழ்ச்சியின் நேரத்தை வகுப்பவர் நிலையத்தார். அதனை மாற்றியமைக்கும் ஆற்றலைப் பார்ப்பவருக்குப் பதிகருவி வழங்கியது.

தோட்டத் தொழிலாளிக்கு இவ்வுரிமையின் பெறுமதி தனிப்பட்டது. இறப்பர்ப் பால் விடியற்காலையிலேயே நன்றாக வடியும். ஆதலின் பொழுது புலருமுன் எழுந்து பிரட்டுக்களத்துக்குச் செல்ல வேண்டும். சென்னையில் இரவு ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் வகுக்கப்பட்ட நிகழ்ச்சிகள், அந்நகரத்து உத்தியோகத்தரின் நாளை மனத்திற் கொண்டவை. பால்வெட்டுபவரின் நாள் அவற்றில் இல்லை. இதனோடு மற்றொரு விசித்திரமும் சேர்ந்தது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு 1996 இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபர் முதல் 2006 ஏப்பிரல் வரை இலங்கை நேரம் இந்திய நேரத்துக்கு அரைமணி முந்தியிருந்தது. இந்தியாவில் ஒன்பது மணி நிகழ்ச்சி இங்கு ஒன்பதரைக்கே தொடங்கும். அதிகாலையில் எழுபவருக்கு அவ்வரைமணியும் உறக்கத்திலிருந்து கழிவதாகும்.

ஒளிநாடாக் காலத்தில் 'டெக்' எனப்பட்ட பதிகருவி, தோட்டங்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் பதிவதற்கன்றித் திரைப்படம் காட்டுவதற்கே பயன்பட்டது. எண்முறைப் பதிகருவி இந்நிலையை மாற்றியது. செய்மதி வழியே வருவது முன்னரே எண்களாக்கப்பட்டுச் சுருக்கப்பட்ட ஓடையாகும். பதிகருவி அதனை மாற்றாது அவ்வாறே நினைவகத்தில் எழுதுகின்றது. ஆதலின் பிரதி மூலத்தினும் தரங்குறைவதில்லை. செக்கனுக்கு 3 மெகாபிற் வீதம் வரும் ஒரு சேவையின் ஒருமணி நேரம் ஏறத்தாழ 1.35 கிகாபைற் இடம்பிடிக்கும். விரலளவான 32 கிகாபைற் நினைவகத்தில் இருபது மணி நேரத்துக்கும் மேற்பட்ட காட்சி அடங்கும். மின்கடத்தும் சிறு பெட்டியொன்றில் யூ.எஸ்.பி. துளை இருந்தாலே பதிதல் இயலும். எனினும் வாங்குவோர் கருதவேண்டியன சில உள. அலைதேர்வி ஒன்றே உடைய பெட்டி, ஒரு சேவையைப் பதியும்போது வேறு அலைவரிசையிலுள்ள சேவையைக் காட்டாது. பழைய கோப்பு முறையில் அமைந்த நினைவகம் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பை ஏலாது. ஆதலின் மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட பதிவைப் பெட்டி துண்டுகளாகப் பிரிக்கும். பெட்டியின் கடிகாரம் செய்மதியிலிருந்தே நேரத்தைப் பெறுவதாயின், நேரவலயத்தைச் சரியாக அமைத்த பின்னரே முன்பதிவு செய்ய வேண்டும்.

இவையனைத்தும் நோக்குமிடத்து, தொழில்நுட்பம் பள்ளத்தாக்கின் வாழ்வை விடுவித்தது எனக் கூறத் தோன்றும். அவ்வாறு முடிவு செய்தல் முழுமையான வரலாறாகாது. கட்டணமற்ற பதிகருவி பூட்டப்படாத அலைகளையே பதியவல்லது. அவ்வலைகளில் வருவன சென்னையின் காட்சிகள். அவற்றில் தமிழ் உண்டு. ஆனால் கேகாலை இறப்பர்த் தோட்டம் இல்லை. அத்தோட்டத்தின் சம்பளப் பேச்சுவார்த்தை, அங்கு நிகழும் மண்சரிவு, அங்குள்ள பாடசாலை, அங்கு நடக்கும் காமன் கூத்து என்பவற்றைக் காட்டுவன இந்நாட்டுத் தமிழ்ச் சேவைகளே. 1998 இல் தொடங்கிய சக்தி தொலைக்காட்சியும் 2009 இல் தொடங்கிய வசந்தம் தொலைக்காட்சியும் ரூபவாஹினியின் தமிழ் நிகழ்ச்சிகளும் அவற்றுட் சேரும். இவை முதன்மையாக நிலவழி அலைகள் மூலமும் கட்டணச் செய்மதிச் சேவைகள் மூலமுமே வீடுகளை அடைகின்றன. நிலவழி அலையைச் செய்மதிப் பெட்டி பதியாது. கட்டணச் சேவையின் பெட்டியிற் பதிந்ததைப் பிற கருவியிற் காண்பது பெரும்பாலும் இயலாது. பழைய டெக், திரையில் வருவது எதுவாயினும் நாடாவிற் பதிந்தது. ஆயின் அத்தகைய கருவிகளைத் தயாரித்துவந்த இறுதி நிறுவனமான யப்பானின் புனாயும் 2016 யூலையில் அத்தயாரிப்பை நிறுத்தியது. ஆகவே இன்று ஒரு தோட்டத்துக் குடும்பம் எளிதிற் சேமிக்கக்கூடியது பிறர் வாழ்வின் காட்சி. எளிதிற் சேமிக்க இயலாதது தன் வாழ்வின் காட்சி.

இம்முரண்பாட்டை வரலாற்று மாணாக்கர் சிறிதாக எண்ணலாகாது. நிலையங்கள் தம் நிகழ்ச்சிகளை என்றும் காத்து வைப்பன என்னும் நம்பிக்கைக்கு உலக அனுபவம் இடந்தருவதில்லை. பிரித்தானியாவின் பீ.பீ.சி. 1960 களிலும் 1970 களிலும் தன் நாடாக்களை அழித்து மீளப் பயன்படுத்தியது. அதனால் இழந்த 'டொக்டர் ஹூ' நாடகப் பகுதிகளின் ஒலியாவது எஞ்சியிருப்பது, இரசிகர் தம் வீட்டில் அதனைப் பதிந்து வைத்தமையாலாகும். ஐக்கிய அமெரிக்காவில் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த மேரியன் ஸ்ரோக்ஸ் என்னும் பெண்மணி, 1979 முதல் 2012 இல் தாம் மறையும் வரை, தொலைக்காட்சிச் செய்திகளை இரவுபகலாகப் பதிந்து வந்தார். ஏறத்தாழ 70,000 நாடாக்கள் அவரிடம் சேர்ந்தன. அயலார் வியப்புடன் நோக்கிய அச்செயல், இன்று பொது ஆவணமாகப் பேணப்படுகின்றது. அனுப்புவோர் காக்கத் தவறியதைப் பெறுவோர் காத்தனர்.

ஆவண இழப்பு என்பது இலங்கைத் தமிழருக்குப் புத்தகத்தில் மட்டும் படித்த செய்தியன்று. 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அவ்விழப்பின் நினைவோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க முயற்சியாக, 2005 இல் தொடங்கிய நூலகம் எண்முறை ஆவணக்காப்பகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டி வருகின்றது. அச்சிட்டவற்றுக்கு அத்தகைய காப்பு இயன்றதெனின், ஒலிக்கும் ஒளிக்கும் இயலாது எனக் கூறுவதற்கில்லை. மலையகத்தைப் பொறுத்தவரை இத்தேவை மேலும் கூடியது. எழுத்தாவணங்களில் தோட்டத் தொழிலாளி பெரும்பாலும் செக்றோலின் ஒரு பெயராகவும் குடியுரிமை விண்ணப்பத்தின் ஓர் இலக்கமாகவுமே தோன்றுகின்றார். அவருடைய குரலும் முகமும் பதிவாகியிருப்பது கடந்த நாற்பதாண்டுகளின் ஒலிபரப்புக்களிலும் வீட்டு நாடாக்களிலுமேயாம்.

ஒளிநாடாவின் காந்தப் பூச்சு ஈரவலயத்துப் பூஞ்சணத்தால் விரைவிற் கெடுவது. நினைவகத் துண்டுகளும் நிலையானவை அல்ல. ஆகவே செய்யத்தக்கது காலம் தாழ்த்தாது செய்யப்படல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் வரலாற்றுத் துறைகளும் விடுமுறைக் காலத்திற் தோட்டப்புறங்களுக்குச் செல்லும் மாணவர் மூலம், வீடுகளில் உள்ள திருமண நாடா, கோயில் திருவிழா நாடா, தொலைக்காட்சியிலிருந்து பதிந்த நாடா என்பவற்றை உரியவரின் இசைவோடு பெற்று, எண்முறைக்கு மாற்றி, மூலத்தை மீளக் கையளிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பதிந்த ஆண்டு, இடம், பதிந்தவர் கூறும் விளக்கம் ஆகிய மூன்றையும் குறித்து வைத்தால் அது ஆவணமாகிவிடும். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. பழுதற்ற பழைய டெக் ஒன்றும் கணினி ஒன்றும் பொறுமையும் வேண்டும்.

வரக்காப்பொலவிலிருந்து ருவன்வெல்ல செல்லும் வழியில் கூரைகளின் அருகே வானை நோக்கி நிமிர்ந்திருக்கும் அன்ரனாக்கள், தமக்கென அனுப்பப்படாத அலைகளையும் தமதாக்கிக்கொண்ட மக்களின் முயற்சிக்குச் சான்றாகும். அம்முயற்சியின் அடுத்த படி, அவர்களைப் பற்றிய காட்சிகளும் அவர்களிடமே எஞ்சியிருக்கச் செய்வதாகும். அப்பணியிற் கற்றோருக்கும் பங்குண்டு. பழைய டெக்குகள் இயங்கும் வரையிலேயே அதற்குக் காலமும் உண்டு.